ஈரத்தை எடை போடும் கருவி: கோத்தகிரி மூட்டத்தில் எட்டு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குவார்ட்ஸ் படிகத்தை வைத்துக் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி. சுவரில் மாட்டி, இன்றைக்குக் காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கத்தான் ஒரு மீட்டர் வேண்டும் என்றால் இதை வாங்காதீர்கள், ஐந்நூறு ரூபாய் டிஜிட்டல் மீட்டரே போதும். டீயோ காளானோ ஏலக்காயோ மூலிகையோ, காயவைத்த சரக்கை மூடி வைத்து விற்கிறவர்கள், மூடிக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள். உங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோத்தகிரியில் அரவேனு பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன டீ யூனிட் இருக்கிறது. நானும் என் நாத்தனாரும் சேர்ந்து நடத்துகிறோம். அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கி, வாட்டி, உருட்டி, ட்ரையரில் காயவைத்து ஆர்தடாக்ஸ் டீயாக, அதாவது இலையைப் பொடியாக நறுக்காமல் உருட்டிச் செய்யும் பழைய முறை டீயாக, விற்கிறோம். செடியில் இருந்து வரும் கொழுந்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர்தான். ட்ரையரை விட்டு இறங்கும்போது சுமார் 3 சதவீதம்தான் மிச்சம் இருக்கும். அந்த 3 சதவீதத்தைக் கொண்டுவர நாங்கள் படும் பாடு பெரிது, அது 7, 8 என்று ஏறிப்போவதற்கோ சரியாக மூடாத ஒரு மூடி போதும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசியில் அதுதான் நடந்தது. ஆறு டின்னில் வைத்திருந்த சரக்கில் ஏதோ ஒரு டின் சரக்கு நமுத்துப் போயிருக்கிறது, அது தெரியாமல் பேக் செய்து அனுப்பிவிட்டோம். மதுரையில் இருந்து பல வருட வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "ஏம்மா, டீயில பழைய சாக்கு வாசம் வருதே" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்த டின் என்று கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

எங்களிடம் மீட்டர் இல்லாமல் இல்லை. வாட்டும் இடத்தில் ஈரத்துணி சுற்றிய ஒன்றும் சுற்றாத ஒன்றுமாக ஜோடித் தெர்மாமீட்டர் தொங்குகிறது, டீ பேக்டரி எதில் நுழைந்தாலும் பார்க்கலாம், இரண்டுக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தை வைத்து வாட்டுக் காற்றைச் சரிசெய்வோம். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. டின்னுக்குள் போட வாங்கிய டிஜிட்டல் மீட்டர்தான் கழுத்தறுத்தது. மழைக்காலத்தில் மேகம் கீழே இறங்கி வாசலில் உட்கார்ந்துவிட்டால் அது 95-ல் போய் நின்றுகொள்ளும், பிறகு நாள் முழுக்க அசையாது. இன்னொரு பக்கம், 20-க்குக் கீழே போனால் அதற்கு எண்ணே கிடையாது, ஒரு கோடு மட்டும் போடும். எனக்கு வேண்டியது அந்த 20-ஐச் சுற்றி இருக்கிற இடம்தான், காய்ந்த டீ இருக்கும் மூடிய டின்னுக்குள் காற்றின் ஈரம் அங்கேதான் நிற்கும்.

இந்த நேரத்தில்தான் என் தம்பி மகன், கோவையில் படிக்கிறவன், இந்தக் கருவியைப் பற்றிச் சொன்னான். கோவையிலேயே இரண்டு பேர் சேர்ந்து ஒரு சின்னப் பட்டறையில் செய்து விற்கிறார்கள். 11,500 ரூபாய். பெயர் போடவில்லை, கீழே சில குறைகள் சொல்லப் போகிறேன், சிறிய அளவில் உழைக்கிறவர்கள், அவர்கள் பிழைப்பில் கைவைக்க எனக்கு மனசில்லை. இதே மாதிரிக் கருவியைப் பலர் செய்கிறார்கள், நான் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டியைத் திறந்தால் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி, சின்னத் திரை, ஒரு மீட்டர் நீள ஒயர், ஒயர் முனையில் விரல் நுனி அளவு சென்சார். கூடவே மூன்று மாற்றுப் படிகங்கள், ஒவ்வொன்றும் தனிச் சின்ன டப்பாவில். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவான வட்டச் சில்லு, நடுவில் இரண்டு பக்கமும் பொட்டு வைத்த மாதிரித் தங்க முலாம், அதன் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சு. சாய்த்துப் பிடித்தால் மட்டும் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற மாதிரி லேசாக நிறம் ஓடுகிறது. சில்லின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. தும்மினால் பறந்துவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகுதான் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தவே முடிந்தது, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக் கியூரியும் 1880-ல் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளியும் என்பதும் அடுத்த வருடமே உறுதியாகிவிட்டது. கைக்கடிகாரத்துக்குள் துடிப்பது இதே குவார்ட்ஸ்தான். இந்தக் கருவியில் உள்ள சில்லு நொடிக்கு 1 கோடி தடவை அதிர்கிறது, அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்து எதிரெதிராகத் தேய்க்கிற மாதிரி, மேல் முகம் ஒரு பக்கமும் கீழ் முகம் மறு பக்கமுமாக நழுவி நழுவி ஆடுகிறது.

இப்போது மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புவார். தோலில் பாரம் ஏறும், நாதம் கீழே இறங்கும். இங்கே நடப்பதும் அதேதான். சில்லின் மேல் உள்ள பூச்சு ஈரத்தை உறிஞ்சும் பாலிமர். காற்றில் ஈரம் ஏறினால் பூச்சு தண்ணீரை வாங்கிக்கொண்டு கனக்கிறது, அதிர்வு குறைகிறது. ஈரம் இறங்கினால் பூச்சு தண்ணீரை விட்டுவிடுகிறது, அதிர்வு பழைய இடத்துக்கு ஏறுகிறது. கருவி அந்த அதிர்வை எண்ணிச் சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது. எவ்வளவு பாரம் ஏறினால் எவ்வளவு அதிர்வு குறையும் என்ற கணக்கை ஜெர்மானியர் குந்தர் ஸாவர்ப்ரே 1959-ல் எழுதி வைத்தார். ஐந்து வருடம் கழித்து, 1964-ல், அமெரிக்காவில் வில்லியம் கிங் படிகத்தின் மேல் பூச்சு பூசி, வாயுவில் கலந்திருக்கும் பொருள்களைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். ஸாவர்ப்ரே கணக்குப்படி, 10 மெகாஹெர்ட்ஸ் சில்லில் சதுர சென்டிமீட்டருக்கு 4.4 நானோகிராம் ஏறினாலே அதிர்வு 1 ஹெர்ட்ஸ் குறையும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம். நாங்கள் டீ நிறுக்கும் தராசு 1 கிராம் வரைதான் காட்டும். இதைப் படித்த அன்று ராத்திரி நான் அந்தச் சில்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கடைகளில் கிடைக்கும் சாதாரண மீட்டரில் என்ன இருக்கிறது? அதிலும் பாலிமர் படலம்தான், ஆனால் ஈரம் ஏறும்போது அதன் மின்தேக்கும் திறன் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கிறார்கள். மலிவு, உறுதி, யாரும் பராமரிக்க வேண்டாம். குவார்ட்ஸ் வகைக்கு உண்மையான வேலை இருப்பது மிகமிகக் குறைந்த ஈரத்தில்தான். இயற்கை எரிவாயுக் குழாயில் பத்து லட்சத்தில் சில பங்கு ஈரம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவிகளில் இது இருக்கிறது. அங்கே ஒரே படிகத்தின் மேல் கொஞ்ச நேரம் நன்றாக உலர்த்திய வாயுவையும் கொஞ்ச நேரம் சோதிக்க வேண்டிய வாயுவையும் மாற்றி மாற்றி விட்டு வித்தியாசத்தை அளப்பார்கள். அந்தக் கருவிகளின் விலை நமக்கு எட்டாத உயரம்.

என்னிடம் இருப்பதில் இரண்டு படிகம். ஒன்றில் பூச்சு உண்டு, இன்னொன்றில் கிடையாது, அதை மூடி சீல் வைத்திருக்கிறார்கள். திரையில் வருவது இரண்டின் அதிர்வுக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் ஊரில் காலையில் 9 டிகிரி, மத்தியானம் 22 டிகிரி என்று ஒரே நாளில் ஆடும். குளிரிலும் வெயிலிலும் படிகத்தின் அதிர்வு தானாகவே கொஞ்சம் நகரும். இரண்டும் சேர்ந்து நகர்வதால் வித்தியாசத்தில் அது அடிபட்டுப் போகிறது. ஒற்றைப் படிகம் வைத்த கருவியை யாராவது விலை குறைவு என்று காட்டினால் மலைக்காரர்கள் வாங்க வேண்டாம்.

வந்த அன்றே எல்லோரும் செய்கிற முதல் வேலையைச் செய்தேன், சென்சார் மேல் ஊதினேன். எண் ஒரே நொடியில் 58-ல் இருந்து 90-ஐத் தாண்டி ஓடியது, பிறகு திரையில் வெறும் கோடுகள். பயந்து, கருவி செய்த பட்டறைக்குப் போன் போட்டேன். "அக்கா, வாயால ஊதாதீங்க, பனித்துளி படிஞ்சா படிகம் ஆடவே ஆடாதுங்க, கொஞ்ச நேரம் விடுங்க, தானா வந்துரும்" என்றார் அங்கே போனை எடுத்த பையன். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. அந்த வேகம் என்னை அசத்தியது. பழைய மீட்டர் அதே ஊதலில் இருந்து மீண்டுவர கால் மணி நேரம் எடுத்தது.

அடுத்தது உப்புச் சோதனை. யார் எந்த ஈரப்பதமானி வாங்கினாலும் இதைச் செய்து பார்த்துவிட்டு நம்புங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, சென்சாரோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் வைத்து ஒரு ராத்திரி விட வேண்டும். டப்பாவுக்குள் ஈரம் 75 சதவீதத்தில் நிற்கும். உப்பின் அழகு என்னவென்றால் 15 டிகிரியிலும் 25 டிகிரியிலும் அந்த 75 பெரிதாக மாறாது, அதனால் குளிர் ஊருக்கு நல்லது. மெக்னீசியம் குளோரைடு வைத்தால் 33-ல் நிற்கும். என் கருவி உப்பில் 74, மெக்னீசியத்தில் 34 காட்டியது. இரண்டுக்கும் நடுவில் அதிர்வு ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸ் இறங்கியிருந்தது, கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 3 மைக்ரோகிராம் தண்ணீர். பழைய டிஜிட்டல் மீட்டர் அதே உப்பில் 83 காட்டியது. மூன்று வருடமாக அதை நம்பியிருக்கிறேன்.

அப்புறம் குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை, அதிக ஈரத்தில் இதை நம்பக் கூடாது. 90-ஐத் தாண்டினால் பூச்சு ஊறி இளகிப் போகிறது. ஸாவர்ப்ரே கணக்கு, சில்லோடு ஒட்டிச் சேர்ந்து ஆடும் மெல்லிய கெட்டியான படலத்துக்குத்தான் பொருந்தும். களி மாதிரி இளகியது சேர்ந்து ஆடாது, பின்தங்கிக் குழையும், எண் தாறுமாறாகப் போகும். பனி படிந்தால் நின்றே போகும். ஐப்பசியில் வாட்டும் இடத்தில் மாட்டிப் பார்த்தேன், காலை ஏழு மணி வரைக்கும் வெறும் கோடுதான். கையேட்டில் "0 முதல் 100 சதவீதம் வரை" என்று போட்டிருக்கிறார்கள். அது தவறு, மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூட்டத்தில் 100 என்று பார்த்ததும் ஐயோ எவ்வளவு தண்ணீர் என்று நினைப்போம். 10 டிகிரி மூட்டக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 9 கிராம் சொச்சம்தான் தண்ணீர் ஆவி. மதுரையில் 35 டிகிரி வெயிலில் 50 சதவீதம் என்றால் அங்கே ஏறக்குறைய 20 கிராம். இதே மூட்டக் காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40-க்கு இறங்கிவிடும். மழையிலும் எங்களால் கொழுந்து வாட்ட முடிவது அதனால்தான், விறகுச் செலவு எகிறுவதும் அதனால்தான்.

இரண்டாவது குறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. சலிக்கும் அறையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் எண் ஒன்று, இரண்டு என்று மெதுவாக ஏறியது. கார்த்திகை கழிந்து நல்ல வெயில் வந்த பிறகும் ஏறிக்கொண்டே போனது. மறுபடி போன். அந்தப் பையன் கேட்ட முதல் கேள்வி, "அங்க தூசி பறக்குதுங்களா அக்கா?" என்பது. டீ சலிக்கிற இடத்தில் பறக்காமல் இருக்குமா, பஞ்சு மாதிரி பழுப்புத் தூசி எல்லா மேசையிலும் படிந்து கிடக்கும். "அது எடையத்தாங்கக்கா பாக்குது. தண்ணியா தூசியான்னு அதுக்குத் தெரியாதுங்க." சென்சாரை உருவி பூதக்கண்ணாடியில் பார்த்தால், தங்கப் பொட்டின் மேல் நாலைந்து டீ ரோமம் படுத்திருக்கிறது. கேமரா லென்சுக்கு ஊதும் ரப்பர் குமிழால் ஊதி எடுத்தேன், எண் 9 புள்ளி இறங்கியது. பிரஷ் போடக் கூடாது, துணி கூடவே கூடாது. தண்ணீர்ச் சொட்டு பட்டால் பூச்சு கரைந்துவிடும், ஒரு படிகம் எனக்கு அப்படித்தான் போனது. பிறகு டெஃப்லான் வடிகட்டி போட்ட மூடி ஒன்று அனுப்பி வைத்தார்கள், காசு வாங்கவில்லை. ஆவி உள்ளே போகும், தூசி போகாது. வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. இந்த மூடியை முதலிலேயே பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வாசனை. எங்கள் கடை முன்னறையில் யூகலிப்டஸ் தைலமும் விற்கிறோம், ஊட்டி வருகிறவர்கள் டீயோடு கேட்பார்கள். ஒரு நாள் நாத்தனார் தைலக் கேனில் இருந்து சின்னப் பாட்டில்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்து மேசையில் கருவியை வைத்திருந்தேன். மழை இல்லை, ஜன்னல் திறந்திருக்கிறது, எண் மட்டும் 52-ல் இருந்து 56-க்கு ஏறுகிறது. தைலப் பாட்டிலை மூடச் சொன்னேன், மெதுவாக இறங்கியது. திறக்கச் சொன்னேன், ஏறியது. இருவரும் நாலு தடவை செய்து பார்த்தோம். தைல ஆவியும் பூச்சில் போய் ஒட்டுகிறது, அதற்கும் எடை உண்டு. ஆகவே ஏலக்காய், கிராம்பு மாதிரி வாசனைச் சரக்கு வைத்திருக்கிறவர்கள் முதலில் சரக்கோடு வைத்து ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டீயில் எனக்கு அந்தத் தொல்லை ஓரிரண்டு புள்ளிக்கு மேல் வரவில்லை.

சின்னக் குறைகள்: ஈரம் ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது அதே இடத்தில் 2, 3 அதிகம். மழை முடிவதற்குள் ஒயர் முனையில் துருப் பிடித்தது. கையேடு முழுக்க ஆங்கிலம். மாதம் ஒரு தடவை உப்புச் சோதனை செய்யாமல் இருக்க முடியாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஏன் மறுபடியும் வாங்குவேன் என்று சொல்கிறேன். டின்.

மூடி ஒழுங்கா என்று பார்க்க முதலில் டீயோடு சேர்த்து சென்சாரைப் போட்டுப் பார்த்தேன், எல்லா டின்னும் 18, 19 என்று ஒரே மாதிரி காட்டின. யோசித்தபோதுதான் புரிந்தது. மூடி ஒழுகினாலும் உள்ளே வரும் ஈரத்தை டீயே குடித்துவிடும், காற்று நல்லபடியாகவே தெரியும், டீ மட்டும் மெல்ல மெல்லக் கெடும். அதனால் ஒவ்வொரு டின்னாகக் காலி செய்து, சிலிக்கா ஜெல் பையைப் போட்டு உள்காற்றை 20-க்கு இறக்கி, பையை வெடுக்கென்று எடுத்துவிட்டு, சென்சாரை மட்டும் உள்ளே விட்டு மூடினேன். ஒயர் வெளியே வரும் இடத்தைச் சப்பாத்தி மாவால் அடைத்தால் மாவின் ஈரமே உள்ளே போகும் என்று தோன்றி மெழுகு வைத்தேன். ராத்திரி பத்து மணிக்கு மூட்டம் வெளியே திரண்டு நிற்கும்போது மூடி, காலையில் பார்ப்பது. ஒரு ராத்திரிக்கு ஒரு டின், ஆறு ராத்திரி.

நாலு டின் 20-ல் இருந்து 23, 24-க்கு மேல் போகவில்லை. ஐந்தாவது 29. மூன்றாவது டின்னுக்குக் காலை வரைக்கும் காத்திருக்கத் தேவையே இல்லை, நான் தட்டில் கஞ்சி ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள் 41, படுக்கப் போகும்போது 57. வெளிச்சம் அடித்து விளிம்பைத் தடவிப் பார்த்தால், கொண்டி வரும் இடத்தில் ரப்பர் வளையம் நகக்கண் அளவுக்குக் கிழிந்து உள்ளே மடிந்திருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இரண்டு வருடமாக மழைக்கு மழை அந்த டின்னில்தான் நாங்கள் நல்ல சரக்கைப் போட்டு வந்திருக்கிறோம், வாசலுக்குப் பக்கத்தில் எடுக்க வசதி என்று. சாதாரண மீட்டரும் அந்த மூன்றாவதைக் காட்டிக் கொடுத்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாவதின் 29-ஐக் காட்டியிருக்காது.

யாருக்கு ஏற்றது என்று கேட்டால், காயவைத்த சரக்கு, சின்ன மூடிய இடம், மாதம் ஒரு தடவை உப்பு வைக்கப் பொறுமை, இந்த மூன்றும் இருக்கிறவர்களுக்கு. கேமரா லென்சில் பூஞ்சை பிடிக்காமல் அலமாரியை 40-ல் வைத்திருக்க நினைக்கிறவர்களுக்கு இது தேவையில்லை, நல்ல சாதாரண சென்சார் போதும். கொட்டகையில் காளான் வளர்க்கிறவர்கள் தொடவே வேண்டாம், அங்கே எப்போதும் 85-க்கு மேல்தான், படிகம் வீணாகும். வளர்த்த காளானைக் காயவைத்து விற்கிறவர்கள் வாங்கலாம்.

மாற்றுப் படிகம் ஒன்று 350 ரூபாய். என்னிடம் இருந்த மூன்றில் ஒன்று தண்ணீர் பட்டுப் போனது, ஒன்று கைதவறி உடைந்தது, ஐப்பசிக்கு முன்னால் இன்னும் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். ஐந்தாவது டின்னுக்கும் மூன்றாவது டின்னுக்கும் குன்னூரில் இருந்து புது ரப்பர் வாங்கிப் போட்டாயிற்று. மூன்றாவதை நேற்று ராத்திரி 20-ல் மூடினேன். வெளியே அடுத்த வீட்டு விளக்குகூடத் தெரியாத மூட்டம். காலையில் 23.